கச்சாவோவின் தெஸ்கார்கா ஒலிப்பதிவில் பாஸ் கருவியின் பணி

கச்சாவோ என அழைக்கப்படும் இஸ்ரயேல் லோபெஸ் (14 செப்டம்பர் 1918 – 22 மார்ச் 2008) கியூபாவின் ஹவானா நகரில் பிறந்த டபுள் பாஸ் இசைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். 1957 ஆம் ஆண்டு ஹவானாவில் பனார்ட் நிறுவனத்திற்காக அவர் தலைமையில் பதிவான தெஸ்கார்கா இசைத்தட்டு, லத்தீன் ஜாஸ் குழுவில் பாஸ் கருவி என்ன செய்கிறது என்பதை அறிய நல்ல எடுத்துக்காட்டாகும்.

டபுள் பாஸ்

வயலினைப் போன்ற தோற்றமும் ஆள் உயரத்தை விஞ்சும் அளவும் கொண்ட கருவி இது. பெரும்பாலும் நான்கு தந்திகள் உண்டு. மேற்கத்திய செவ்வியல் இசையில் பெரும்பாலும் வில்லால் இசைப்பர். ஜாஸிலும் கியூப நடன இசையிலும் விரலால் மீட்டுவர். கச்சாவோ இரண்டிலும் பயிற்சி பெற்றவர். பகலில் ஹவானா பில்ஹார்மோனிக் இசைக்குழு, இரவில் நடனக்குழு எனப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1930களின் இறுதியில் அவரும் அவருடைய அண்ணன் ஒரெஸ்தெஸும் அர்க்காஞோ குழுவில் இருந்தபோது உருவாக்கிய புதிய தாளநடையே மாம்போ இசைக்கு வழிவகுத்தது.

ஒலிப்பதிவு

தெஸ்கார்கா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் சுமையை இறக்குதல் என்று பொருள். முன்கூட்டி எழுதி வைக்காமல், கூடியிருந்து கற்பனையாக வாசிப்பதை இசைஞர்கள் இவ்வாறு அழைத்தனர். இரவு விடுதிகளில் வேலை முடிந்த பின்னர், விடியற்காலையில் கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினர். கொங்கா மேளத்தில் தாதா குயினெஸ், டிம்பாலேஸில் கிய்யெர்மோ பர்ரெத்தோ, டிராம்போனில் ஹெனெரோசோ ஹிமெனெஸ், புல்லாங்குழலில் ரிச்சர்ட் எகுவெஸ் ஆகியோர் அவர்களுள் சிலர். பதிவான 12 உருப்படிகளும் சில நிமிடங்களே நீள்பவை.

தாளத்தில் பாஸின் இடம்

கியூப இசையின் தாளத்திற்கு அடிப்படை கிளாவே எனப்படும் ஐந்து தட்டுகள். ஒன்று முதல் எட்டு வரை ஒரே சீராக இருமுறை எண்ணினால் இதைப் புரிந்துகொள்ளலாம்.

கிளாவே, முதல் சுற்று: 1, 4, 7
கிளாவே, இரண்டாம் சுற்று: 3, 5
பாஸ், இரு சுற்றுகளிலும்: 4, 7

பாஸின் இந்த நடைக்குத் தும்பாவோ என்று பெயர். இதில் 1 என்னும் இடத்தில் பாஸ் புதிதாக ஒலிப்பதில்லை. 7இல் மீட்டிய சுரமே அடுத்த சுற்றின் 1ஐக் கடந்து நீள்கிறது. அந்தச் சுரம் பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குரிய சுரக்கூட்டைச் சேர்ந்தது. எனவே, மற்றவர்கள் வந்து சேரும் முன்பே பாஸ் அங்கே போய் நிற்கிறது. கொங்காவின் திறந்த ஒலிகள் 7, 8 ஆகிய இடங்களில் விழுவதால், 7இல் தோலும் தந்தியும் ஒன்றாக ஒலிக்கின்றன.

வழக்கமான மேற்கத்திய நடன இசையில் பாஸ் முதல் தட்டை அழுத்திக் காட்டும். இங்கு அது காலியாக விடப்படுவதால், கேட்பவரின் உடலே அந்த இடத்தை நிரப்புகிறது. ஆடுபவரின் கால் தானாக எழுகிறது.

எழுதிய தாள் இல்லாத தலைமை

தெஸ்கார்காவில் சுரக்கூட்டுகள் சிலவே. அவை திரும்பத் திரும்ப வரும். யார் எப்போது வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்பவை அங்கேயே முடிவாகும். பியானோவும் பாஸும் மாறாத நடையைப் பிடித்துக்கொள்வதால்தான் டிரம்பெட்டோ புல்லாங்குழலோ துணிந்து விலகிச் செல்ல முடிகிறது. பாஸ் இசைஞர் கிளாவேயின் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டால் குழு முழுவதும் தடுமாறும். அவர் வாசிப்பது எளிமையானதே. ஆனால் அதைத் தவறவிட அவருக்கு உரிமை இல்லை.

உருப்படிகளின் பெயர்களும் இதைக் காட்டுகின்றன. டிராம்போன், டிரம்பெட், சாக்சபோன், திரெஸ், புல்லாங்குழல் ஆகியவற்றின் பெயர்கள் தலைப்புகளில் வருகின்றன. தலைவரின் கருவியான பாஸ் எந்தத் தலைப்பிலும் இல்லை.

பிற்காலம்

கச்சாவோ 1960களின் தொடக்கத்தில் கியூபாவை விட்டு வெளியேறி, ஸ்பெயின் வழியாக அமெரிக்கா சேர்ந்தார். மயாமியில் திருமண விருந்துகளில்கூட வாசித்து, பரவலாக அறியப்படாமல் வாழ்ந்தார். நடிகர் ஆண்டி கார்சியா 1993 ஆம் ஆண்டு எடுத்த ஆவணப்படம் அவரை மீண்டும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. அடுத்து வெளியான மாஸ்டர் செஷன்ஸ் முதல் தொகுதிக்குக் கிராமி விருது கிடைத்தது.

ஒரெஸ்தெஸின் மகன் ஒர்லாந்தோ, குட்டிக் கச்சாவோ என்னும் பொருளில் கச்சாயித்தோ என்று அழைக்கப்பட்டார். புவெனா விஸ்டா சோஷியல் கிளப் இசைத்தட்டில் பாஸ் வாசித்தவர் அவரே. 1996 ஆம் ஆண்டு அது பதிவானது, முன்பு பனார்ட் நிறுவனத்திற்குச் சொந்தமாக இருந்த ஹவானா கூடத்தில்தான்.