சோற்றை நிறுத்தினேன், உண்பது குறைந்ததா?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் வழிபாட்டு முறை பற்றி எழுதலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் சென்ற ஆடிப்பூரத்தன்று நான் அன்னதான மண்டபத்தில் தள்ளாடிச் சாய்ந்ததை உங்களில் பலர் கண்டீர்கள். அன்று முதல் காண்போரெல்லாம், "வாத்தியாரே, சோற்றை விட்டால் இப்படித்தான் ஆகுமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியே பதில் சொல்லி மாளவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இனிப்புநீர் நம்மவரை எந்த அளவு பற்றியிருக்கிறது என்பது தெரிந்ததே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோருள் நூற்றுக்கு 31 பேருக்கு அந்நோய் இருந்தது. நானும் அந்தக் கணக்கில் ஒருவன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் எனக்கு 8.4 வந்தபோது, என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், "சோறு, தோசை, ரொட்டி மூன்றையும் நிறுத்தி விடுங்கள். மற்றதை வயிறு நிறையச் சாப்பிடலாம், அளவு பார்க்க வேண்டியதில்லை" என்றார். வயிறு நிறைய என்ற சொல் யாருக்குத்தான் இனிக்காது?

இந்த முறை புதியதன்று. லண்டனில் சவப்பெட்டித் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர், மாவும் சர்க்கரையும் குறைத்து உடல் இளைத்த கதையை 1863இலேயே சிறு நூலாக வெளியிட்டார். அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் 1972இல் எழுதிய நூலால் அது உலகெங்கும் பரவியது. ஆனால் அவர்கள் உண்டது பெரும்பாலும் இறைச்சியும் மீனும். நானோ சைவம். சோறு இருந்த இடத்தை நிலக்கடலையும் முந்திரியும் பன்னீரும் தேங்காய்ச் சட்டினியும் பிடித்துக்கொண்டன.

முதல் மூன்று வாரத்தில் 3 கிலோ இறங்கியது. வீட்டில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். அதில் பெரும் பங்கு தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. உடல் தன் தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். சேமிப்பு கரையும்போது நீரும் போய்விடுகிறது. நான்காம் மாதத்தில் போன எடை திரும்பி வந்ததோடு, வேட்டியை இறுக்கிக் கட்டவும் முடியவில்லை. இவ்வளவுக்கும் சர்க்கரை 7.1க்கு இறங்கியிருந்தது! சர்க்கரை குறைய, எடை கூடுவானேன்? அளவுக்கு மீறி உண்கிறேனோ என்ற கவலை அப்போதுதான் பிடித்தது.

பழக்கம் விடுமா? ஓர் அப்பியாசப் புத்தகத்தை எடுத்து ஒரு வாரம் உண்டதையெல்லாம் எழுதினேன். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. நான் நிறுத்திய மதியச் சோறு இரண்டு கோப்பை, சுமார் 400 கலோரி. அதற்குப் பதிலாகத் தொலைக்காட்சி முன் அமர்ந்து கொறித்த கடலையோ நாளொன்றுக்கு ஐந்து கைப்பிடி. ஒரு கைப்பிடி 30 கிராம் என்றால் ஐந்துக்கும் சேர்த்து 850 கலோரி! பன்னீரும் நெய்யும் இன்னும் கணக்கில் சேரவில்லை. குளுக்கோமீட்டர் சோற்றைக் காட்டிக் கொடுக்கும், கடலையைக் காட்டிக் கொடுக்காது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 2.6இலிருந்து 3.9க்கு ஏறியிருந்தது. நெய்யும் தேங்காயும் செய்த வேலை அது.

இதை அறிவியலாரும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் 20 பேருக்கு இருவகை உணவையும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு வாரம் கொடுத்து, வேண்டிய மட்டும் உண்ணச் சொன்னார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. மாவு குறைந்த உணவில் இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறவில்லை. ஆனால் கொழுப்புக் குறைந்த தாவர உணவில் இருந்தபோதுதான் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 700 கலோரி குறைவாக உண்டிருந்தார்கள். சர்க்கரையும் எடையும் இரு வேறு பேரேடுகள்.

இதை அறிந்த பிறகு நான் செய்ததுதான் பெருந்தவறு. கடலையையும் பன்னீரையும் அடியோடு நிறுத்தி, வெள்ளரிக்காயும் மோருமாக நாளை ஓட்டினேன். மாத்திரையை மட்டும் விடவில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிக்லசைடு அது. நாம் உண்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆடிப்பூரத்தன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, அபிஷேகம் முடியட்டும் என்று பட்டினியாக நின்றேன். பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருண்டது. தொண்டர் தம்பி ஒருவர் ஒரு குவளை சீராப் தண்ணீரைக் குடிக்கச் செய்தார். கால் மணியில் தெளிந்தேன். நான்கு மாதமாக நான் கைகூப்பி மறுத்துவந்த அதே சீராப்தான்!

அதன்பின் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். உணவு ஆலோசகரான பெண்மணி என் அப்பியாசப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஐயா, சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்த தடவைகளை எண்ணுங்கள், போதும்" என்றார். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு சோறு என்று நம் சுகாதார அமைச்சு சொல்லிவரும் முறையையே எனக்கும் கூறினார். என் சோறு இப்போது ஒரு கைமுட்டி அளவு. காயும் பயறும் தயிரும் முதலில், சோறு கடைசியில். கடலை ஒரே ஒரு கைப்பிடி, அதுவும் கிண்ணத்தில் எடுத்து வைத்து. எடையை வாரம் ஒருமுறைதான் பார்க்கிறேன். இடுப்பை மாதம் ஒருமுறை அளக்கிறேன். நம் ஆசிய இனத்தாருக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நலம்.

நம் சைவ அன்பர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறோம். பருப்பு முழுக்கப் புரதம் என்று எண்ணுகிறோம். துவரம்பருப்பு 100 கிராமில் 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்தே. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்கிறோம். கோதுமை மாவிலும் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். நான்கு சப்பாத்தி தின்றுவிட்டு நான் சோறே தொடுவதில்லை என்று சொல்பவரை நம் நிர்வாகக் குழுவிலேயே காட்ட முடியும். பெயர் வேண்டாம்.

இன்சுலினோ என்னைப் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரை உண்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை ஏறாமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் புரதத்தின் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

அன்னதான உபயகாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். சென்ற குழுக் கூட்டத்தில் பேசியபடி, வெள்ளிக்கிழமைகளில் இனி கூட்டையும் பொரியலையும் முதலில் பரிமாறி, சோற்றை அவரவர் கேட்கும் அளவு போடுகிறோம். சர்க்கரைப் பொங்கல் சிறு தொன்னையில் வரும். உபயத்தில் குறை வைத்துவிட்டார்களே என்று யாரும் வருந்த வேண்டாம். மறுமுறை கேட்பவருக்கு மடைப்பள்ளியில் எப்போதும் இருக்கும். தொண்டர் மேசையில் ஒரு குவளை சீராப்பும் தயாராக இருக்கும்.