ஒன்பது நீதிபதிகள் எதற்கு?

பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைகளில் கூட்டம் நெருக்கும். பல மதத்தவரும் வருவார்கள். யார் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்பது அவரவர் மனசுக்குத்தான் தெரியும். இந்த அந்தரங்கத்துக்குச் சட்டத்தின் காவல் உண்டா? உச்ச நீதிமன்றம் இதற்கு ஐயமற விடை சொன்னபோது நம் அரசியல் சாசனத்துக்கு வயது 67. கேட்டு வாங்கியவர் ஒரு பெங்களூருக்காரர்: கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது அவருக்கு 86 வயது.

அந்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்றது மத்திய அரசு. 1954-இல் எட்டு நீதிபதிகளும் 1962-இல் ஆறு நீதிபதிகளும் அளித்த தீர்ப்புகளை எடுத்துக் காட்டியது. ஒரு வழக்கைக் கேட்க உட்காரும் நீதிபதிகள் குழுவுக்கு 'அமர்வு' என்று பெயர். பெரிய அமர்வு சொன்னதைச் சிறிய அமர்வு தாண்ட முடியாது. ஆகவே எட்டுப் பேர் சொன்னதைத் திருத்த ஒன்பது பேர் உட்கார வேண்டியிருந்தது.

அவர்கள் முன்னால் இருந்த சாசனத்தில் 'அந்தரங்கம்' என்ற சொல்லே கிடையாது. 21-ஆவது பிரிவு ஆங்கிலத்தில் வெறும் 18 சொற்கள்: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

1950-இல் சென்னை மாகாணச் சிறையிலிருந்து வழக்காடினார் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். ஒவ்வொரு உரிமையும் தனித்தனிப் பெட்டி, ஒன்றைத் திறந்து இன்னொன்றுக்குள் கைவிட முடியாது என்ற போக்கில் நீதிமன்றம் அவர் வாதத்தைத் தள்ளியது. 1978-இல், பாஸ்போர்ட் முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், அந்தப் பெட்டிகளின் தடுப்புகள் உடைந்தன. சமத்துவம், பேச்சுரிமை, உயிர் மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பிறகு 'உயிர்' என்ற ஒரு சொல்லுக்குள்ளிருந்து உரிமைகள் கிளைத்துக்கொண்டே இருந்தன. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்புக்கான உரிமை வந்தது. 1992-இல் கல்விக்கான உரிமை வந்தது. அது கர்நாடகத்து மருத்துவக் கல்லூரிக் கட்டண வழக்கு.

எனக்குப் பெரிய வியப்பு, தோற்ற தீர்ப்புகளின் ஆயுள். 1962 வழக்கில், போலீஸ் இரவில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்று சொன்ன பெரும்பான்மை நீதிபதிகளே அந்தரங்க உரிமை இல்லை என்றும் சொன்னார்கள். மாறுபட்டு எழுதினார் சுப்பா ராவ். அன்று தோற்ற அவர் கருத்துதான் 2017 ஆகஸ்ட் 24 அன்று வென்றது. ஒன்பது பேரும் ஒரே முடிவு. ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள், 547 பக்கங்கள்.

அதே நாளில் இன்னொரு பழைய கணக்கும் தீர்ந்தது. நெருக்கடி நிலையின்போது பெங்களூரில் கைதான வாஜ்பாய், அத்வானி உள்ளிட்டோரின் மனுக்களும் அடங்கிய வழக்கில், கைதானவர் நீதிமன்றக் கதவைத் தட்டவே முடியாது என்று 1976-இல் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 41 ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்பு பிழை என்று எழுதினார் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட்.

அந்தரங்க உரிமைக்கும் எல்லை உண்டு. அரசு அதில் கைவைக்கச் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், கைவைக்கும் அளவும் பொருந்த வேண்டும். மூன்றாவதற்கு 'அளவுப் பொருத்தச் சோதனை' என்று பெயர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். 2018-இல் ஆதார் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறியது. வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அதைக் கட்டாயமாக்கியது தேறவில்லை.

புட்டசாமி 2024 அக்டோபரில், 98-ஆவது வயதில் காலமானார். 21-ஆவது பிரிவில் இன்றும் அதே 18 சொற்கள்தான் இருக்கின்றன.