'ம்' கொட்ட ஓர் ஆள்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு லயத்து வாசலில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்குவார். ராஜா ராணி கதை பாதி, சொந்தக் கதை பாதி. கேட்கிற பிள்ளை 'ம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கிட்டியா?" என்று ஓர் அதட்டல் வரும்.

பிள்ளை விழித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் பாட்டி அப்படிச் செய்கிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். விஷயம் அதைவிட ஆழமானது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக உளவியலாளர் ஜேனட் பாவலஸ், தம் சகாக்களோடு செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. முன்பின் தெரியாத இருவரை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஒருவர் தாம் ஆபத்தில் மாட்டி மயிரிழையில் தப்பிய உண்மைக் கதையைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும், சொல்பவருக்குத் தெரியாமல், ஒரு வேலை கொடுத்தார்கள். 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை வருகின்றன என்று எண்ண வேண்டும். அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் மனம் எழுத்தில் இருந்தது. பதற வேண்டிய இடத்தில் அவர்கள் பதறவில்லை. எதிரே இருந்தவரின் கதை தடுமாறியது. அதுவும் உச்சக்கட்டத்தில்தான் அதிகம் தடுமாறியது. கதை சொன்னவர்கள் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். அது ஏன் ஆபத்து என்று விளக்கம் கொடுத்தார்கள். முடிக்கத் தெரியாமல் இழுத்தார்கள். தன் வாழ்க்கையில் நடந்த கதைதான். ஆனாலும் கேட்பவரின் மனம் விலகியதும் அது சொல்பவரின் கையை விட்டு நழுவியது.

பாட்டி அதட்டியது இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பாதிக் கதையை நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூளைக்குள்ளும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஸ்டீவன்ஸ், லாரன் சில்பர்ட், யூரி ஹேசன் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பெண் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி தன் பள்ளிப் பருவத்து அனுபவம் ஒன்றை, ஒத்திகை இல்லாமல், சொன்னார். அது ஒலிப்பதிவானது. பிறகு 11 பேர் அதே போன்ற கருவியில் படுத்து அந்தப் பதிவைக் கேட்டார்கள். சொன்னவரின் மூளை எந்தெந்த இடத்தில் எப்படி ஏறி இறங்கியதோ, கேட்டவர்களின் மூளையும் பல இடங்களில் அப்படியே, சற்றுத் தாமதித்து, ஏறி இறங்கியது. சில பகுதிகளில் கேட்டவரின் மூளை முந்திக்கொண்டது. அடுத்து வரப்போவதை ஊகித்து முன்னே ஓடியது. இப்படி முந்தி ஓடியவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்களும். ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ஒரு ரஷ்யக் கதையைப் போட்டுக் காட்டியபோது இந்த ஒத்தோட்டம் காணாமல் போனது. தமிழ் சரிவரப் புரியாத பேரப்பிள்ளைகளிடம் பாட்டியின் கதைக்கு என்ன நேரும் என்பது இதிலேயே தெரிகிறது.

இந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறொன்று. கேட்டவர்கள் முன்னால் கதை சொன்னவர் இல்லை. பதிவு செய்த குரல் மட்டும்தான் இருந்தது. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது.

குரலில் அப்படி என்ன இருக்கிறது? மூச்சுக்காற்று மேலேறும்போது தொண்டையில் இரண்டு சிறு மடிப்புகள் அதிர்கின்றன. பெண்களுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 200 முறை, ஆண்களுக்கு 100-ஐ ஒட்டி. அவற்றை இழுத்துப் பிடிக்கும் தசைகளை இயக்குவது வேகஸ் நரம்பின் கிளைகள். அதே வேகஸ்தான் இதயத் துடிப்பையும் மட்டுப்படுத்துகிறது. துயரமோ பயமோ உடலைப் பிடிக்கும்போது அந்தத் தசைகளின் இறுக்கம் மாறி, அதிர்வின் சீர் குலைகிறது. 'குரல் தழுதழுத்தது' என்று நாம் சொல்வது இதைத்தான். எழுத்தில் அது ஒரு சொல். பதிவில் அந்த நடுக்கமே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கிராவ்ஸ் 1,700-க்கும் மேற்பட்டவர்களோடு ஐந்து சோதனைகள் நடத்தி 2017-இல் ஒன்றைச் சொன்னார்: முகமும் குரலும் சேர்ந்து கிடைப்பதைவிட, குரல் மட்டும் கிடைக்கும்போது மற்றவரின் உணர்ச்சியை மனிதர்கள் சரியாகக் கணிக்கிறார்கள். ஒலிப்பதிவைக் காணொளிக்குக் கீழே வைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலாக்காவில் முதியவர்களின் குரலைப் பதிவு செய்வது ஏன் அவசரம்? மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் இங்கேதான் எழுந்தது. டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிரட்டுக்களம், மங்கு, உளி, கோட்டுப்பால், கங்காணி, கிராணி என்று ஓர் உலகமே அதன் பின்னால் உருவானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். அந்த உலகத்தின் சொற்கள் இப்போது முதியவர்களின் வாயில்தான் இருக்கின்றன.

அதைவிடக் கனமானது சயாம் மரண ரயில். 1942-43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், ஓவியம் வரைந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள பெரிய போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் அடங்கியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல்லறைக் கற்கள். நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. அவர்களில் நாட்குறிப்பு எழுதியவர்களும் அரிது. இருப்பது, திரும்பி வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னதும் அதைக் கேட்டவர்களின் நினைவும். 1943-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.

சிங்கப்பூர் இந்த அவசரத்தை முன்பே உணர்ந்தது. 1979-இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கி, 1981 முதல் ஜப்பானியர் காலத்தை அனுபவித்தவர்களின் குரல்களைத் திரட்டியது. தமிழ்ப் பேட்டிகளும் அந்தக் காப்பகத்தில் உண்டு.

நினைவு பிசகும் என்பார்கள். பிசகும்தான். இத்தாலியின் டெர்னி நகரில் ஒரு தொழிலாளி 1949-இல் போலீஸ் சுட்டு இறந்தார். பின்னாளில் பலரும் அது 1953-இல் நடந்ததாகச் சொன்னார்கள். ஆலையிலிருந்து ஆட்களைக் கூட்டமாக நீக்கியதும், அதை எதிர்த்துத் தெருவில் மோதல் வெடித்ததும் அந்த ஆண்டில்தான். இதைப் பதிவு செய்த அலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி பிசகைத் தூக்கி எறியவில்லை. அந்த மரணம் மக்கள் மனத்தில் எந்தத் துயரத்தோடு ஒட்டிக்கொண்டது என்பதற்கு அதையே சாட்சியாக்கினார். தாத்தா ஆண்டைத் தப்பாகச் சொன்னால் குறுக்கே விழுந்து திருத்த வேண்டாம்.

வீட்டில் பழைய கேசட் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். அந்த நாடா வெறும் பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தத் துகள்களைப் பசை பிடித்துவைத்திருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்று அதற்குப் பெரும் பகை. காற்றின் நீரை உறிஞ்சிச் சில வகை நாடாக்களின் பசை இளகிப் பிசுபிசுக்கிறது, பூஞ்சையும் படர்கிறது. நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் பெட்டி கிடைப்பது அரிதாகிவிட்டது. ஓடுகிற பெட்டி ஒன்று இருக்கும்போதே கணினிக்கு மாற்றி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

புதிதாகப் பதிவு செய்யக் கைப்பேசி போதும். காற்றாடியை நிறுத்துங்கள். மேசையின் அதிர்வு ஏறாமல் இருக்க மடித்த துண்டின்மேல் கைப்பேசியை வையுங்கள். நடுவில் வரும் மௌனத்தை வெட்டாதீர்கள். சயாமுக்குப் போன அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது பாட்டி நிறுத்துகிற அந்தப் பத்து வினாடியும் கதைதான். பதிவை யாருக்காவது கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கைப்பேசியைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். எதிரே உட்கார்ந்து 'ம்' கொட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.