ஓ.டி. பணம்: வரவா, செலவா?

(வில்லியனூர் பட்டிமன்றத்தில் நடுவரின் தீர்ப்புரை)

இரண்டு அணியும் பேசி முடித்துவிட்டார்கள். இப்போது மணி ஒன்பதரை. எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் இந்தக் கேமராக்காரத் தம்பிகளை அழைத்து வந்திருக்கிறார்கள். ஆக, மிகை நேர வேலையைப் பற்றிய பட்டிமன்றமே ஒன்றரை மணி நேரம் மிகை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. (சிரிப்பு) தம்பிகளிடம், "உங்களுக்கு ஓ.டி. உண்டா?" என்று கேட்டேன். "சாப்பாடு உண்டு சார்" என்கிறார்கள். (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். ஆனால் நம் தலைப்பு இங்கேயே தொடங்கிவிட்டது. அதே ஒரு மணி நேர உழைப்புக்கு ஓரிடத்தில் இரட்டைக் காசு. ஓரிடத்தில் ஒற்றைக் காசு. ஓரிடத்தில் ஒரு பொட்டலம் சாப்பாடு. இன்னோரிடத்தில் "தங்கமான பையன்" என்ற பேர் மட்டும். (கைதட்டல்)

வரவே என்று பேசிய அணித் தலைவர் என்ன சொன்னார்? "என் வீட்டு மாடிப்படி ஓ.டி. காசில் கட்டியது, என் மகளின் கம்மல் ஓ.டி. காசில் வாங்கியது" என்றார். உண்மை. செலவே என்று பேசிய அம்மையார், "மாடிப்படி இருக்கு, ஏறி வர அப்பாவுக்கு முழங்கால் இல்லையே" என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஆளுக்குத்தான் நடுவர் என்று பெயர். (சிரிப்பு)

மிகை நேரம் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் "இதுதான் நேரம்" என்று ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டை யார் போட்டார்கள்? 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஆனால் அதே உடன்படிக்கையில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு, வாரம் 60 மணி நேரம்! வெள்ளைக்காரன் உடம்பு 48 மணி நேரத்தில் களைத்துவிடும், நம் உடம்பு 60 வரை தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள் போலிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைகளுக்கு 48 மணி நேர வாரம் சட்டமாக வந்தது 1946இல்தான்.

நம் புதுச்சேரிக் கதை வேறு. இங்கே ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். ஆலை வேலைக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து போனவர்கள் நம் தாத்தாக்கள், பாட்டிகள். 1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கிறது. 12 பேர் உயிர் போகிறது. மக்கள் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. அடுத்த ஆண்டு, 1937 ஏப்ரல் 6ஆம் நாள், பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்ட ஆணை வருகிறது. 8 மணி நேர வேலைநாளுக்கு வழி பிறக்கிறது. ஆசியாவிலேயே இங்கேதான் முதலில் என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. எப்படியானாலும், பிரிட்டிஷ் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவனுக்கு அந்தப் பக்கம் இருந்தவனைவிடப் பல ஆண்டு முன்னால் கிடைத்தது. அந்தக் கோட்டை மையால் போடவில்லை ஐயா, 12 பேரின் ரத்தத்தால் போட்டார்கள். (கைதட்டல்)

கோடு வந்துவிட்டது. கோட்டைத் தாண்டினால் என்ன? அதற்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பதில் சொன்னது. நாளுக்கு 9 மணிக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணிக்கு மேலோ வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டம் அவற்றுக்குள் அடங்கிவிட்டது. புதிய தொகுப்பிலும் நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலிதான். அதோடு, தொழிலாளி சம்மதித்தால்தான் மிகை நேரம் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறது. சம்பளச் சீட்டு தர வேண்டியது முதலாளியின் கடமை என்றும் இருக்கிறது.

நம் வீடுகளில் சிங்கப்பூரில் பிள்ளை இருக்கிறான், பிரான்சில் மாமா இருக்கிறார். அங்கே என்ன தருகிறார்கள் தெரியுமா? சிங்கப்பூரில் ஒன்றரை மடங்கு, அதுவும் மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வாங்கக் கூடாது. பிரான்சில் வாரம் 35 மணி நேரம். அதற்கு மேல் முதல் 8 மணி நேரத்துக்குப் பொதுவாக 25 சதவீதம் கூடுதல், அதையும் தாண்டினால் 50 சதவீதம் கூடுதல். நம் சட்டமோ 100 சதவீதம் கூடுதல் என்கிறது! சட்டத்தில் நாம்தான் தாராளம். சட்டத்தில்! (சிரிப்பு)

சரி, ஒரு கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், நான் தமிழ் வாத்தியார், எனக்கும் இவ்வளவு கணக்குத்தான் வரும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ஒருவருக்கு மாதம் 15,600 ரூபாய் என்று வையுங்கள். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600. எட்டால் வகுத்தால் மணிக்கு 75. இரட்டைக் கூலி என்றால் மணிக்கு 150. மாதத்தில் 20 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 3,000 ரூபாய் வர வேண்டும். ஒற்றையாகப் போட்டால் 1,500. பஞ்சப்படியை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் போட்டால் இன்னும் குறையும். மாதம் 1,500 போனால் வருஷத்துக்கு 18,000 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு அதில் இருக்கிறது.

இப்போது வேலை செய்கிற இடங்களைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டைகளுக்குப் போய் வருகிறார்கள். எந்தக் கம்பெனியையும் நான் சுட்டவில்லை. பொதுவாகத் தொழிலில் நடக்கிற வகைகளைச் சொல்கிறேன்.

ஒரு வகை, அட்டை அடித்தால் நிமிஷம் உட்பட ஏறும், சம்பளச் சீட்டில் ஓ.டி. என்று தனி வரி இருக்கும். இது நல்ல இடம். இரண்டாம் வகை, ஒரே தொழிற்சாலை, ஒரே மெஷின், இரண்டு ஆள். ஒருவர் நிரந்தரம், ஒருவர் கான்ட்ராக்ட். நிரந்தரத்துக்கு இரட்டை. கான்ட்ராக்ட் தம்பிக்குக் கவரில் வைத்து ஒற்றை. கவரில் கணக்கு இருக்காது. கணக்கு இல்லாத காசை எந்த அதிகாரியிடம் காட்டி நியாயம் கேட்பது? மூன்றாம் வகைதான் சாமர்த்தியம். "உன்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டோம்" என்று மாலை போடுவார்கள். புதிய தொகுப்பின்படி, மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரமாட்டார். பதவி உயர்ந்தது, ஓ.டி. போனது! வீட்டுக்கு வந்து ஸ்வீட் கொடுப்பார், மாசக் கடைசியில் மனைவி, "என்னங்க, போன மாசத்தைவிடக் கம்மியா இருக்கு?" என்பார். (சிரிப்பு) பெயருக்குச் சூப்பர்வைசராக இருந்தால் போதாது, செய்கிற வேலை மேற்பார்வையா என்பதுதான் கேள்வி. பதவியை வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

அரசு அலுவலகம்? ஏழாவது ஊதியக் குழு சொன்னபடி மத்திய அரசு 2018இல் பெரும்பாலான பிரிவினருக்கு மிகை நேரப் படியை நிறுத்திவிட்டது. பல அலுவலகங்களில் காசுக்குப் பதில் ஈட்டு விடுப்புத்தான். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளைக் கேட்டால், "எங்களுக்கு நேரமே கிடையாது, அப்புறம் மிகை நேரம் ஏது?" என்கிறார்கள். 2023இல் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025இல் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்றார். ஏலம் ஏறிக்கொண்டே போகிறது. வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம்தான் என்று யாராவது அவர்களிடம் சொல்லுங்கள்! (பலத்த கைதட்டல்)

பாகூர் பக்கம் வயலுக்கு வாருங்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் அது. நடவுக்குக் குழுவாகப் பேசிப் போகிற அக்காக்களுக்கு மணிக் கணக்கு இல்லை, காணிக் கணக்கு. சேறு கூடுதலாக இருந்தாலும், இடுப்பு ஒடிந்தாலும் பேசிய காசுதான். வில்லியனூர்ச் சுடுமண் பொம்மை உலகப் புகழ். அதைச் செய்கிறவர் சூளைக்கு முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் அவருக்கு அவரே முதலாளி. தனக்குத் தானே எப்படி ஓ.டி. போட்டுக்கொள்வார்? நம் வீட்டு அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஷிப்ட் முடிகிற சங்கே ஊதுவதில்லை. (கைதட்டல்)

சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டால் ஜெயிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடிந்திருக்கிறது. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டிக் குஜராத் அரசு, நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்று அறிவித்தது. அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்து, சேர வேண்டிய கூலியைக் கொடுக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

ஆனால் தனி ஆள் ஏன் கேட்பதில்லை? அதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் அப்பா ஓர் ஆலைத் தொழிலாளி. எந்த ஆலை என்பது வேண்டாம். வில்லியனூரிலிருந்து சைக்கிளில் போவார். 1988இல் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்டக் கெடு இருந்தது. அப்பா, "ஓ.டி. போடுறேன்டா, கவலைப்படாதே" என்றார். அந்த மாதம் 24 மணி நேரம் கூடுதலாகப் பார்த்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. தேதி, ஏறின நேரம், இறங்கின நேரம், பென்சிலால் எழுதுவார். எழுதச் சொன்னது அம்மா. அஞ்சாங் கிளாஸ் படிப்பு அம்மாவுக்கு.

சம்பள நாள். அம்மா நோட்டைப் பிரித்தார். மணிக்கு 4 ரூபாய், இரட்டை என்றால் 8. 24 மணிக்கு 192 ரூபாய். கையில் வந்திருந்தது 96. "பாதி எங்கங்க?" என்றார். அப்பா பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் ஒருத்தன் கேட்டான். அவனுக்கு இப்ப ஓ.டி.யே கொடுக்கிறதில்ல."

அம்மா மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்க் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். அது அடகுக் கடைக்குப் போனது. நான் கல்லூரிக்குப் போனேன். எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்த படிப்பின் முதல் தவணை, அப்பாவுக்குச் சேர வேண்டிய கூலியில் பாதியும், அம்மாவின் கம்மலும். (அமைதி)

எதிரணித் தலைவர் மகளுக்குக் கம்மல் வாங்கினேன் என்றாரே, அப்போது எனக்கு என் அம்மாவின் வெறுங்காதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று அப்பா கேட்காததற்கு அவர் கோழை என்று பொருளில்லை. ஓ.டி. என்பது உரிமையாக இல்லாமல் சலுகையாக இருந்தது. சலுகை கொடுப்பவன் கையில் சாட்டை இருக்கும். தனியாகக் கேட்டவனுக்கு வேலை போனது. சேர்ந்து கேட்டவர்களுக்குச் சட்டம் வந்தது. நம் ஊர்த் தேர் வடத்தை ஒருவர் இழுத்தா தேர் நகர்கிறது?

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பார்கள். அதனால்தான் கணக்கே பார்க்காமல் இருந்துவிட்டோம். நான் சொல்கிறேன், ஆலைக்குப் போகிறவன் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஓர் இரண்டு ரூபாய்… சரி, இன்றைய விலையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு வாங்குங்கள். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அன்றன்றே எழுதுங்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள். மாசக் கடைசியில் வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். குறைந்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். நாலு பேராக, சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் துறை இருக்கிறது. அங்கே பேசப் போவது உங்கள் வாயல்ல, அந்த நோட்டு.

ஆகவே என் தீர்ப்பு. சம்மதித்துப் பார்த்த வேலை, எழுதி வைத்த நேரம், இரட்டையாக வந்த கூலி, இந்த மூன்றும் இருந்தால் ஓ.டி. குடும்பத்துக்கு வரவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது செலவே. இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒன்றாவது குறைகிறது என்பதால், செலவே என்று பேசிய அணிக்கே என் தீர்ப்பைக் கொடுக்கிறேன். (கைதட்டல்)

அப்பாவின் நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவிட்டது. அந்த 24 மணி நேரம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

கேமராத் தம்பிகளே, மணி பத்தாகப் போகிறது. இரண்டு மணி நேரம் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக்கு நான் வருகிறேன். (நீண்ட கைதட்டல்)