கிழவன் சேதுபதியும் ஓரியூர்த் தீர்ப்பும்

திருவாடானை வட்டத்திலுள்ள ஓரியூருக்குத் திருயாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் அங்குள்ள செம்மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு திரும்புவது வழக்கம். அம்மண்ணில் 1693ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டுண்டு மறைசாட்சியாக மடிந்த புனித அருளானந்தரின் வரலாற்றை நம் சிறுவர்களும் சொல்லுவர். ஆனால் அவரை அங்கு அனுப்பிய மன்னர் யார் என்று கேட்டால், ‘ஒரு கொடிய அரசன்’ என்பதற்கு மேல் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அம்மன்னரின் அரசியல் வாழ்வையும் போர் வாழ்வையும் அறிந்தாலன்றி ஓரியூரில் நடந்தது முழுமையாக விளங்காது.

அவரே இரகுநாத கிழவன் சேதுபதி. ‘கிழவன்’ என்னும் சொல் முதியவனை மட்டுமன்றி உரிமையாளனையும் தலைவனையும் பழந்தமிழில் குறிக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறவர் சீமையை ஆண்டு, எண்பது வயதைக் கடந்து 1710இல் இறந்த அவருக்கு இரு பொருளும் பொருந்தும்.

எல்லையில் அமைந்த நாடு

1565இல் விசயநகரப் பேரரசு வீழ்ச்சியுற்றபின் மதுரை நாயக்கர்கள் படிப்படியாகத் தனியரசர்களாயினர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களைக் கள்வரிடமிருந்து காக்கவும், கடற்கரைச் சீமையை அடக்கியாளவும், முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டளவில் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தினார். தெற்கேயும் கிழக்கேயும் கடல், மேற்கே மதுரை, வடக்கே தஞ்சை. இரு பெரிய அரசுகளின் நடுவே அமைந்த எல்லை நாடு அது. அதன் தலைவன் ஒருவரோடு நட்புக் கொண்டால் மற்றவர் பகைவராவர். இருவரும் ஒன்றுபட்டால் அவன் அழிவான். இத்தகைய நாட்டை ஆள்வதற்கு வாள் வலிமை மட்டும் போதாது. காலமறிந்து கூட்டு மாறும் சூழ்ச்சியும் வேண்டும். கிழவன் சேதுபதியிடம் இரண்டும் நிறைந்திருந்தன.

மதுரை நாயக்கரான சொக்கநாதரைக் குதிரைப்படைத் தலைவனான உருசுதம் கான் ஏறக்குறையச் சிறைப்படுத்தித் தானே ஆட்சி நடத்திய நாளில், நாயக்கருக்கு உதவியாகச் சேதுபதியின் படை சென்றது. அத்துணைக்காகப் ‘பரராச கேசரி’ என்னும் பட்டத்தைச் சேதுபதி பெற்றார். 1682இல் சொக்கநாதர் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மதுரையின் மேலாட்சியை உதற எண்ணிய அதே சேதுபதி, தஞ்சை மராட்டிய மன்னரோடு உடன்படிக்கை செய்தார். படையுதவிக்கு ஈடாகப் புதுக்கோட்டைக்கும் பாம்பாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைத் தருவதென்பது ஏற்பாடு. பிற்காலத்தில் அந்தத் தஞ்சையோடும் அவர் போரிட நேர்ந்தது.

தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றி, அதனைச் சுற்றிக் கற்கோட்டை எழுப்பியவரும் அவரே. 1702இல் இராணி மங்கம்மாள் அனுப்பிய படையை மறவர் முறியடித்தனர். தளவாய் நரசப்பையர் போரில் மாண்டார். அதன்பின் மதுரைக்கு அடங்கிய பாளையமாக அன்றித் தனியரசாகவே இராமநாதபுரம் நின்றது.

பிற சமயத்தவர்பால் இயல்பிலேயே பகை கொண்டவர் அவர் என்றும் கூறவியலாது. ‘சீதக்காதி’ எனத் தமிழுலகம் போற்றும் கீழக்கரை இசுலாமிய வணிகர் அவருடைய நெருங்கிய நண்பராக விளங்கினார். 1686இல் அருளானந்தர் முதன்முறை பிடிபட்டுத் தளபதி குமாரப் பிள்ளையின் ஆட்களால் கொடிய வதைகளுக்கு உள்ளானபோது, அவரைத் தம்மிடம் வரவழைத்து, அவருடைய போதனையைக் கேட்டறிந்து, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்ற ஆணையோடு விடுதலை செய்தவரும் இதே சேதுபதிதான். அப்படியாயின் 1693இல் நேர்ந்த மாற்றத்துக்குக் காரணம் யாது?

திருமணமும் அரசியலும்

அக்காலச் சிற்றரசர்களுக்குத் திருமணம் என்பது ஓலையில் எழுதப்படாத உடன்படிக்கை. கள்ளர் குலத்துக் காதலியைக் கிழவன் சேதுபதி மணந்தார். அவளுடைய உடன்பிறந்த இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவராக்கினார். புதுக்கோட்டை அரச மரபு இவ்வாறு தோன்றியதே. ஒரு மனைவியால் ஒரு படை நட்பாயிற்று. மனைவியர் பலர் என்பது துணைவர் பலர் என்பதற்குச் சமமாயிருந்தது.

இந்நிலையில்தான் தடியத் தேவரின் மனமாற்றம் நிகழ்ந்தது. சிறுவல்லிப் பகுதியின் தலைவரான அவர், முன்பு மறவர் சீமையை ஆண்ட குலத்தில் வந்தவர். அரியணைக்குத் தமக்கும் உரிமையுண்டு எனக் கருதத்தக்கவர். தீராத நோயால் வருந்திய அவர், உபதேசியார் ஒருவர் நற்செய்தியை வாசித்துச் செபித்தபின் நலம்பெற்று, திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் ஐவர். ஒருத்தியோடு மட்டும் வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தடியத் தேவரும் அதற்கு இசைந்து, ஏனைய நால்வரையும் உடன்பிறந்தாரைப் போல் காப்பதாகக் கூறி, 1693 சனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட நால்வருள் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவினள். அவள் அழுதுகொண்டே அரண்மனைக்குச் சென்று முறையிட்டாள். அவளுடைய துயரத்தை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. அரசியலுக்காக மணம் செய்து வைக்கப்பட்ட பெண் அவள். இப்போது தன் குற்றம் ஏதுமின்றி நிலை இழந்தாள். அவளுடைய கண்ணீரில் மன்னர் கண்டதோ வேறொன்று. தம் குடும்பத்துக்கும் ஒரு போட்டிக் குலத்துக்கும் இடையே இருந்த கட்டு அறுந்தது. அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடியவர், நாள்தோறும் பெருகிவந்த ஒரு கூட்டத்தாரோடு சேர்ந்துவிட்டார். கூட்டு மாறியே வாழ்ந்தவருக்கு, பிறர் மாறுவது எவ்வளவு அச்சந்தரும் என்பதை நாம் உணரலாம்.

வெளியே ஒரு தீர்ப்பு, உள்ளே ஒரு தீர்ப்பு

சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்தில் சிறையிருந்தார். தலைநகரிலேயே அவரைக் கொல்ல மன்னர் துணியவில்லை. தடியத் தேவரும் அவரைச் சார்ந்தோரும் கிளர்ந்தெழுவரோ என்ற ஐயமே காரணம். ஆகவே, நாடு கடத்தும் தண்டனை என்று வெளியே அறிவித்து, எல்லைப்புறமான ஓரியூரை ஆண்ட தம் தம்பி உடையத் தேவரிடம் அவரை அனுப்பினார். கொன்றுவிடுக என்னும் மறைவான கட்டளையும் உடன் சென்றது. போர்க்களத்தில் அஞ்சாத மன்னர், தம் தீர்ப்பைத் தம் நகரில் உரக்கச் சொல்ல அஞ்சினார்!

உடையத் தேவரோ கண்ணொளி இழந்து உடல் முடங்கியவர். இத்துறவியால் தமக்கு நலம் கிடைக்குமோ என ஏங்கினார். அது கிட்டாதபோது கட்டளை நிறைவேறியது. அன்று விபூதிப் புதன். அதற்கு முந்தைய நாளே அருளானந்தர் சிறையிலிருந்து தம் சபையினருக்கு மடல் எழுதி, சாவை மகிழ்வோடு எதிர்நோக்குவதைத் தெரிவித்திருந்தார். 1647இல் லிசுபன் நகரில் பிறந்தவர் பாம்பாற்றங்கரையில் தம் ஓட்டத்தை முடித்தார். 1947 சூன் 22ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

எஞ்சியது எது?

1709இல் வறட்சியும் புயலும் மறவர் சீமையை வாட்டின. தஞ்சையோடும் போர் மூண்டது. அடுத்த ஆண்டு முதிய சேதுபதி கண்மூடியபோது, அவருடைய மனைவியர் 47 பேர் சிதையில் உடன் எரிந்தனர் என்று இயேசு சபைக் குருவானவர் மார்ட்டின் தம் மடலில் எழுதினார். உடன்படிக்கைகளாக அரண்மனைக்குள் வந்த பெண்களின் முடிவு அதுவாயிற்று. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் அருளானந்தரின் போதனை வெறும் சட்டப் பிடிவாதம் அன்று என்பதை அந்நெருப்பை எண்ணும்போது உணர்கிறோம்.

மன்னர் அரும்பாடுபட்டுக் கட்டிய அரசும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் வாரிசுப் போர் மூண்டது. பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த நிலம் தஞ்சைக்குச் சென்றது. எஞ்சியது இராமநாதபுரம், சிவகங்கை என இரண்டாகப் பிரிந்தது.

கிழவன் சேதுபதியைக் கொடியவர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் நாம் கற்பது ஒன்றுமில்லை. அவர் திறமை மிக்க வீரர். நாட்டுக்குத் தன்னுரிமை தேடித்தந்தவர். மாற்றுச் சமய நண்பரை மதித்தவர். அத்தகையவரையும் பதவி பறிபோகுமோ என்னும் அச்சம் ஒரு குற்றமற்றவரின் சாவுக்கு மறைவான ஓலை விடுக்கச் செய்தது. இந்த அச்சம் மன்னர்களுக்கு மட்டும் உரியதன்று. சொத்துக்காகவும் உறவுப் பெருமைக்காகவும் திருமணங்களைப் பேசி முடிக்கும் நம் இல்லங்களிலும் அது குடியிருக்கிறது. ஓரியூர்ச் செம்மண்ணைக் கையில் எடுக்கும்போது புனிதரை வேண்டிக்கொள்வோம். அவருக்குத் தீர்ப்பளித்த மன்னரையும் சற்று நினைத்துப் பார்த்து, நம்மை நாமே சோதித்துக்கொள்வோம்.