கண்ணிமை அறுவை சிகிச்சை: அழகுக்கா, பார்வைக்கா?

தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணைப் படிக்கப் புருவத்தை உயர்த்தி, முகவாயைத் தூக்கிப் பார்க்கும் மூத்தோரைக் குவீன்ஸ்டவுன் பேருந்து நிறுத்தங்களில் காணலாம். கண்ணாடியை மாற்றவேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிலருக்குக் கோளாறு கண்ணாடியில் இல்லை. கண்ணை மறைக்கும் அளவுக்கு இறங்கிவிட்ட மேலிமையில் இருக்கிறது.

கண்ணிமை அறுவை சிகிச்சை என்றால் சிங்கப்பூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘இரட்டை இமை’. மடிப்பு இல்லாத இமையில் மடிப்பை உண்டாக்கும் சிகிச்சை அது. ஜப்பானிய மருத்துவர் மிக்காமோ 1896ல் அதை விவரித்தார். சிங்கப்பூர் மருத்துவர் கூ பூ சாய் 1963ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் அத்துறையில் பேசப்படும் ஒன்று. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அந்த மடிப்பு பிறவியிலேயே உண்டு. அவர்கள் மருத்துவரை நாடுவது தொங்கும் தோல், கீழிமைப் பை, கருவளையம் ஆகியவற்றுக்காக.

இதில் கருவளையத்தைப் பற்றித்தான் ஏமாற்றம் அதிகம். பையின் நிழலால் கருமை தெரிந்தால் பையைச் சரிசெய்யும்போது அது குறையலாம். தோலின் நிறமே கருத்திருந்தால் அறுவை சிகிச்சை அதை மாற்றாது.

மேலிமை இறங்குவதிலும் இரண்டு வகை உண்டு. வயதாகும்போது தோல் தளர்ந்து மடிந்து தொங்குவது ஒன்று. இமையைத் தூக்கும் தசை தளர்ந்து, இமை விளிம்பே கண்மணிக்கு மேல் இறங்குவது மற்றொன்று. முதலாவதற்குக் கூடுதல் தோலை எடுத்தால் போதும். இரண்டாவதற்குத் தசையை இறுக்கவேண்டும். தசைத் தளர்ச்சி இருப்பவருக்குத் தோலை மட்டும் வெட்டினால் செலவுதான் மிஞ்சும்.

காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை சோர்ந்து இறங்கினால் அது தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். திடீரென ஓர் இமை இறங்கி, இரட்டைப் பார்வையோ கடும் தலைவலியோ, கை கால் பலவீனமோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது, 995ஐ அழைக்கவேண்டும்.

அவசரம் இல்லாதவர்கள் ஸ்டெர்லிங் ரோட்டிலுள்ள குவீன்ஸ்டவுன் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் சென்றால் தகுதியுள்ளோருக்குக் கழிவுக் கட்டணம் கிடைக்கும். நேரடியாகத் தனியார் மருந்தகத்துக்குப் போனால் அது கிடைக்காது. அழகுக்காக மட்டும் செய்துகொள்வதற்கு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டும் கைகொடுக்கா. இமை பார்வையை மறைக்கிறது என்று மருத்துவர் உறுதிசெய்தால் கதை வேறு. அதற்காகவே இமை எவ்வளவு இறங்கியுள்ளது என அளப்பார்கள், படம் எடுப்பார்கள், பக்கவாட்டுப் பார்வையைச் சோதிப்பார்கள். “பார்வைக்கு என்று எழுதிவிடலாம்” என யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வருவதே நல்லது.

நீரிழிவு, ரத்த அழுத்தம், தைராய்டு, கண் வறட்சி இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. எதையும் தாமாக நிறுத்தவும் கூடாது. இதய நோயாளிக்கு அது ஆபத்து.

பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். இரு மேலிமைகளுக்கும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். அன்றே வீடு திரும்பலாம், துணைக்கு ஒருவர் தேவை. மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்: வீக்கம், கன்னிப்போன நிறம். முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம், உயரமான தலையணை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். கண்மை, கான்டாக்ட் லென்ஸ் இரண்டும் பொதுவாக இரு வாரங்களுக்குக் கூடாது. குனிந்து பாரம் தூக்கக் கூடாது. கோயிலில் விழுந்து கும்பிடுவோரும் தொழுகையில் சஜ்தா செய்வோரும் எப்போது மீண்டும் தொடங்கலாம் எனக் கேட்டுக்கொள்ளவேண்டும். மருத்துவர் தாமாக இதைச் சொல்ல நினைக்காமல் போகலாம்.

கண் வறட்சி, இரு இமைகளும் சமமாக இல்லாமை, தோலை அதிகமாக எடுத்ததால் கண் முழுதும் மூடாமை ஆகியவை நேரக்கூடும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது மிக அரிது, ஆனால் பார்வையையே பறித்துவிடும். கடும் வலி, கண் பிதுங்குதல், பார்வை மங்குதல் தெரிந்தால் அது நடு இரவானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

வீக்கம் வற்றி இமை அதன் இறுதி வடிவத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அதை எண்ணித்தான் நாள் குறிக்கவேண்டும். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மருத்துவரிடம் போனால், புகைப்படத்தில் வீக்கமும் சேர்ந்தே விழும்.