அரை வயிற்றோடு உறங்கும் பற்றறி

மழை விட்டு வானம் வெளுத்த மாலை நேரத்தில், வயல்வெளியை ஒருமுறை மேலிருந்து பார்த்தால் என்ன என்றொரு ஆசை திடீரென எழும். அவ்வாசைக்கு நாள், நட்சத்திரம் கிடையாது. விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு அமைந்து சிறு ட்ரோன் ஒன்றை வைத்திருப்போருட் பலர் இவ்வாறு நினைத்தபோது பறக்கவிடுபவரே. மாதத்தில் ஒரு தடவை, சிலவேளை மூன்று மாதத்தில் ஒரு தடவை. எஞ்சிய நாட்களெல்லாம் அதன் பற்றறி அலுமாரியிற் கிடக்கின்றது. அங்ஙனம் சும்மா கிடக்கும் நாட்களிலேயே அது பெரிதும் கெடுகின்றது என்பதைப் பலர் அறியார். யானும் அறியாதிருந்தேன்.

ஈராண்டுகளுக்கு முன், கொழும்பிலிருக்கும் என் தமக்கையார் மகன் மாசி மாதத்தில் வந்தபோது, தன் ட்ரோனையும் மூன்று பற்றறிகளையும் என்னிடம் விட்டுச் சென்றான். எந்நேரமும் ஆயத்தமாய் இருக்கட்டும் என்றெண்ணி, மூன்றையும் முற்றாக மின்னேற்றி, வேட்டிகளுக்கிடையே பக்குவமாக வைத்தேன். பங்குனியும் சித்திரையும் வெயிலிற் கழிந்தன. வைகாசியில் அவன் மீண்டும் வந்து அலுமாரியைத் திறந்தான். "மாமா, இரண்டு பற்றறி வீங்கிப்போய்க் கிடக்கின்றனவே!" என்றான். தட்டையாய் இருந்தவை தலையணைபோற் புடைத்திருந்தன. பணம் போனது ஒருபுறமிருக்க, அவை துணிகளுக்கிடையே தீப்பற்றியிருந்தால் அடுத்த அறையில் உறங்கும் என் தாயாரின் கதி யாதாகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் துயிலவிடவில்லை.

யான் செய்த பிழை பழைய பழக்கத்தால் வந்தது. மோட்டார் வண்டியின் ஈயப் பற்றறியை நிறைவாக வைத்திராவிடின் அதன் தகடுகளிற் சல்பேற்றுப் படிந்து அது பாழாகும். நிக்கல்-கட்மியம் பற்றறிகளையோ இடையிடையே முற்றாக இறக்கிப் பின்னர் ஏற்றவேண்டும் என்று சொல்லுவர். ஒன்று நிறைவை வேண்டியது, மற்றது வெறுமையை வேண்டியது. ட்ரோனில் உள்ள இலிதியக் கலம் இவ்விரண்டையும் வேண்டாத புது இனம். 1991இல் விற்பனைக்கு வந்த இக்கலத்துக்கு அடிகோலிய குடினஃப், விற்றிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் ஒரு முனை பெரும்பாலும் காரீயத்தாலானது. நம் நாட்டிற் போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுக்கப்படும் அதே காரீய இனந்தான். மின்னேற்றும்போது இலிதிய அயன்கள் மறுமுனையிலிருந்து வந்து இக்காரீய அடுக்குகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. கலம் நிறையும்போது அழுத்தம் 4.2 உவோல்ற்று. அவ்வுயர் அழுத்தத்தில் நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் மின்பகு திரவம் மெல்லச் சிதைந்து வாயுவாகின்றது. வீக்கம் என்பது அவ்வாயுவே. வெப்பம் சேர்ந்தால் சிதைவு விரையும். பொதுவாகக் கூறப்படும் கணக்கின்படி, 40 பாகை வெப்பத்தில் முழுநிறைவோடு ஓராண்டு வைத்த இலிதியக் கலம் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 35 வீதத்தை இழக்கின்றது. 25 பாகையில், 40 வீத நிறைவோடு வைத்ததோ 4 வீதமளவே இழக்கின்றது. நம்மூர்ச் சித்திரையில், தகரக் கூரையின் கீழ் நிற்கும் அலுமாரி எந்தக் கணக்கில் அடங்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

முற்றாக இறங்கவிடுவதும் தீது. கலம் 3 உவோல்ற்றுக்கு வெகு கீழே விழுந்து கிடப்பின் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையும். அதன்பின் அதனை மின்னேற்றுவது ஆபத்து. ஆகவே இளைப்பாறும் நிலை 3.8 உவோல்ற்று அளவில், ஏறத்தாழ அரை நிறைவில் உள்ளது. விமானத்திற் சரக்காகத் தனியே அனுப்பப்படும் இலிதியம்-அயன் பற்றறிகளும் 30 வீதத்துக்கு மேல் ஏற்றப்பட்டிருத்தல் ஆகாது என்பது 2016 முதல் சர்வதேச விதி. அது தீக்கு அஞ்சி எழுந்த விதி.

நல்லது, அரை வயிற்றோடு கிடக்கும் பற்றறியை வைத்துக்கொண்டு நினைத்தவுடன் பறப்பது எப்படி? யான் நெடுநாள் தடுமாறியது இங்கேதான். விடை எதிர்பார்த்ததிலும் எளிதாயிருந்தது. 1500 மில்லியம்பியர் மணிக் கொள்ளளவுள்ள பற்றறியை 1.5 அம்பியரில் ஏற்றினால், வெறுமையிலிருந்து நிறைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். பாதி ஏற்கெனவே உள்ளதால் முக்கால் மணி நேரமளவு போதும். தேநீர் அருந்தி, காற்றின் போக்கைப் பார்த்து, அயலாரிடம் ஒரு சொல் கூறி வருமுன் அது ஆயத்தமாகிவிடும். அதற்கும் பொறுமையில்லாதவர், பெரிய ஏற்றமின்றி அரை நிறைவோடே சிறிது நேரம் பறக்கலாம். முழுநிறைவில் 12 நிமிடம் பறக்கும் எமது பொறி அரை நிறைவில் நாலைந்து நிமிடம் பறந்தது. அருகிலேயே பறக்கவிட்டு, 30 வீதத்துக்குக் கீழே இறங்குமுன் தரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

புதிய வகைப் பற்றறிகள் சில, சில நாட்கள் தொடப்படாமற் கிடந்தால் தாமாகவே மின்னை இறக்கிக்கொள்ளுகின்றன. அப்போது சற்றுச் சூடாதல் பழுதன்று. எம்முடையவற்றுக்கு அவ்வறிவு இல்லை. எனவே வார இறுதியில் ஒன்றை மாத்திரம் நிறைக்கின்றேன். ஞாயிறு மாலைவரை ஆசை எழாவிடின், மின்னேற்றியிலுள்ள சேமிப்பு முறையால் அதனை மீண்டும் அரைக்கு இறக்குகின்றேன். மாதம் ஒருமுறை அழுத்தத்தை அளந்து பார்க்கின்றேன். பறந்து வந்த பற்றறியைச் சூடு ஆறுமுன் ஏற்றுவதில்லை; ஏற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டைவிட்டு வெளியேறுவதுமில்லை. அவை இப்போது வேட்டிகளோடு இல்லை, சீமெந்துத் தரையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. வீங்கிய இரண்டையும் குத்தாமல், நசுக்காமல், குப்பையிற் போடாமல், மின்கழிவு சேர்ப்போரிடம் ஒப்படைத்தோம்.

சென்ற மார்கழியில் மழை ஓய்ந்த ஒரு மாலை, மருமகனும் யானும் இவ்வாறே வயலுக்குச் சென்றோம். பற்றறி குறைவற நிறைந்திருந்தது. கையிற் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைத் திறந்தால், அதற்குள்ளிருந்த பற்றறி உயிரின்றிக் கிடந்தது.